ஹூஸ்டன் துணிச்சந்தை: ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வேலை பார்க்கிற துணிக்கடையின் முதலாளியம்மாவோடு அமெரிக்காவில் ஹூஸ்டன் குவில்ட் (ஒட்டுப்போர்வை) சந்தைக்குப் போய்வந்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஈரோட்டில் பன்னிரண்டு வருடமாக மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ், அவ்வளவுதான் கடை. எனக்கு இரண்டு சந்தேகம். கடையைப் பூட்டி, ஹோட்டலில் ரூம் போட்டு, அவ்வளவு பெரிய சந்தைக்குப் போனவர் ஏன் இத்தனை கொஞ்சமாக ஆர்டர் கொடுத்தார்? எங்களுக்கு ஏஜென்ட் கலர் கார்டோடு கடைக்கே வந்துவிடுகிறார். அங்கே வரமாட்டார்களா? அப்புறம், எங்கள் அம்மாயி பழஞ்சேலையை மடித்துத் தைத்துப் போர்த்திவிடுவார். புதுத்துணியைக் காசு கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுப்போடுகிறார்களே, இது என்ன கூத்து?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

கூத்துதான். சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் துணி வெட்டிக் கொடுக்கப் போன புதிதில் நானும் இதையேதான் நினைத்தேன். இந்த ஊரிலும் ஒரு காலத்தில் உங்கள் அம்மாயி கணக்குதான். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் மாவு மூட்டையும் கோழித்தீவன மூட்டையும் வந்த துணியைப் பிரித்துத் தைத்திருக்கிறார்கள். அது தெரிந்து கம்பெனிக்காரர்களே மூட்டைத் துணியில் பூப்போட்டு அச்சடித்தார்கள். இன்றைக்கு அது தேவைக்குத் தைப்பது இல்லை. பேத்திக்குக் கல்யாணம், மகனுக்குக் குழந்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்வை. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தையல். பெரிய கட்டில் என்றால் பதினைந்து கஜம் தாண்டிவிடும். இங்கே இன்னும் கஜக்கணக்குதான், மீட்டர் வரவேயில்லை.

பிளவுஸுக்கு நீங்கள் 80 செ.மீ. பிட் வெட்டி அடுக்குகிறீர்கள் அல்லவா? இங்கே அதே மாதிரி வெட்டி அடுக்குகிற பிட்டுக்கு ஃபேட் குவார்ட்டர் என்று பேர், அளவுதான் வேறு. கால் கஜத்தை அப்படியே வெட்டினால் 9 அங்குல உயரத்தில் 44 அங்குல நீளத்துக்கு நாடா மாதிரி வரும், பெரிய துண்டு எதுவும் எடுக்க முடியாது. அரைக் கஜத்தை நடுவில் இரண்டாக வெட்டினால் 18க்கு 22. அதே அளவு துணி, ஆனால் உபயோகம் வேறு. எந்த மகராசி முதலில் வெட்டினாளோ, பாதிக் கடை அதில்தான் ஓடுகிறது.

ஏஜென்ட் இங்கேயும் வருவார். ஆனால் அவருடைய கார்டில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் துணி ஒட்டியிருக்கும். ஒரு பூவே ஒரு அடிக்கு இருக்கிற டிசைனில் அது எந்த இதழின் எந்த ஓரம் என்று எப்படித் தெரியும்? சந்தையில் அதே துணியில் முழுப்போர்வை தைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் துணியைப் பார்த்து வாங்குவதில்லை, சுவரில் தொங்குகிற போர்வையைப் பார்த்து, ‘இதே மாதிரி எனக்கும் வேண்டும்’ என்றுதான் வாங்குகிறார்கள். முதலாளியம்மா போனது அதற்கு.

நாங்கள் போன அந்தச் சந்தைக்குக் குவில்ட் மார்க்கெட் என்று பேர், 1979இல் தொடங்கியது. ஹூஸ்டனில் குவில்ட் கடை வைத்திருந்த கேரி பிரெசன்ஹான்தான் ஆரம்பித்தவர். வியாபாரிகளுக்கு மட்டும் அனுமதி. கடை இருப்பதற்குச் சான்று காட்டினால்தான் கழுத்தில் அட்டை மாட்டிவிடுவார்கள். பொதுஜனத்துக்கான திருவிழா, சந்தை முடிந்த கையோடு அதே மண்டபத்தில் தனியாக நடக்கும்.

சந்தை திறப்பதற்கு முதல் நாள் பகலில் ‘ஸ்கூல்ஹவுஸ்’. 15 நிமிடம், 30 நிமிடம் என்று பாடம். மணி அடித்த பள்ளிக்கூடம் மாதிரி அறைக்கு அறை ஓட்டம். அன்று மாலை ‘சாம்பிள் ஸ்ப்ரீ’. கடைகளுக்கு இன்னும் வராத துணியைச் சின்னச் சின்னக் கட்டுகளாக அங்கேயே காசுக்கு வாங்கிக்கொள்ளலாம். கதவு திறந்ததும் எழுபது வயது அம்மாக்கள் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகரில்கூட இவ்வளவு இடி வாங்கியதில்லை. என் கால் மேல் ஒரு பை ஏறி இறங்கியது.

இப்போது நீங்கள் கேட்ட ஆர்டர் விஷயம். அங்கே ஒரு டிசைன் வரிசையில் இருபத்து நான்கு பிரிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தான் (சுற்றிவைத்த முழுத்துணி), தானுக்கு 15 கஜம். மொத்தம் 360 கஜம். நாங்கள் போனது கொரோனாவுக்கு முன்பு. மொத்த விலை கஜம் ஐந்தாறு டாலர் என்று பார்த்தாலும் ஏறக்குறைய 2000 டாலர், ஒரே வரிசைக்கு. இன்று ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். பெரும்பாலும் ஒரு முறைதான் அச்சடிப்பார்கள். நன்றாக ஓடியதே என்று மறுபடி கேட்டால் இருக்காது, ஓடாவிட்டால் நம் தலையில்தான்.

முதலாளியம்மாவுக்கு ஏற்கெனவே சூடுபட்ட அனுபவம் உண்டு. ஒரு வருடம் பேயும் வௌவாலும் போட்ட ஹாலோவீன் வரிசையை முழுசாக எடுத்தார். அக்டோபர் 31க்கான போர்வையை ஜூலையிலேயே தைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜூனில் தருகிறோம் என்ற கம்பெனி, அக்டோபர் மூன்றாம் வாரம் பெட்டியை இறக்கியது. அந்த வௌவால்கள் மூன்று வருடம் தள்ளுபடிக் கூடையில் தொங்கின.

அதனால் இந்த முறை அவர் கையில் ஒரு சாவி வளையம் இருந்தது. சாவிக்குப் பதில் அதில் கடையில் தேங்கிக் கிடக்கிற துணிகளின் துண்டுகள், இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டி, மூலையில் ஓட்டை போட்டுக் கோத்தவை. முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொரு ஸ்டாலிலும் புதுத்துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். பிறகு ஓரக்கரையைத் திருப்புவார். அங்கே அச்சுக்குப் பயன்படுத்திய சாயங்கள் வரிசையாகச் சின்ன வட்டங்களாக இருக்கும். வளையத்தை விரித்து வட்டத்தோடு துண்டை ஒட்டிவைத்துப் பார்ப்பார். சேர்ந்தால் நோட்டில் ஒரு கோடு. சேராவிட்டால், ‘ரொம்ப அழகு’ என்று மனசாரச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மூன்று நாளில் நோட்டில் விழுந்தது பதினொரு கோடு. அதில் நாலு வெறும் சாம்பல் நிறம். எனக்குக்கூட ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்தச் சாம்பல் வந்த பிறகு, அலமாரியில் மூன்று வருடமாக அசையாமல் இருந்த மஞ்சளும் கருநீலமும் அதோடு சேர்ந்து நகர ஆரம்பித்தன.

மேட்சிங் சென்டர் நடத்துகிறவருக்கு இதை நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். சேலைக்குப் பொருந்துகிற பிட்டைத் தேடி நீங்கள் தினமும் எடுக்கிற வளையம்தான் அது.

ஒரு உதவி. அம்மாயி தைத்த போர்வை இன்னும் வீட்டில் இருந்தால், தையல் தெரிகிற மாதிரி மூலையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கடையில் உங்கள் கடிதத்தைச் சொன்னேன். அதில் போட்டிருப்பது ஓடு தையலா, அங்குலத்துக்கு எத்தனை என்று முதலாளியம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.