பாஸ்க் தேர்தல் 2001: கேள்வி பதில்

ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியில் 2001 மே 13 அன்று நடந்த பேரவைத் தேர்தலைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: பாஸ்க் மக்களுக்குத்தான் தன்னாட்சி கிடைத்துவிட்டதே அண்ணா, அப்புறம் எதற்குத் துப்பாக்கி?

கிடைத்தது உண்மைதான். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ இறந்த நான்காம் ஆண்டே, 1979-ல், கெர்னிகா தன்னாட்சிச் சட்டம் வந்தது. சொந்தப் பேரவை, சொந்தப் போலீஸ், வரியைத் தாங்களே வசூலிக்கும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. எட்டா என்ற ஆயுத அமைப்புக்கு அது போதவில்லை. பக்கத்து மாநிலமான நவார்ராவையும் பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் ஊர்களையும் சேர்த்துத் தனி நாடு வேண்டும் என்றது. சர்வாதிகாரத்தை எதிர்த்து 1959-ல் பிறந்த அமைப்பு அது. ஆனால் அது கொன்ற 800-க்கும் மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்தது ஜனநாயகம் வந்த பிறகுதான். இதை மறைத்துவிட்டு அதன் வரலாற்றை எழுதுவது நேர்மையல்ல.

கேள்வி: அரசு மட்டும் யோக்கியமா?

இல்லை. 1983 முதல் 1987 வரை அரசு ஆட்கள் பின்னால் இருந்து இயக்கிய 'கால்' (GAL) என்ற கொலைப்படை எட்டாக்காரர்கள் என்று சொல்லி ஆட்களைக் கொன்றது. சம்பந்தமே இல்லாதவர்களும் அதில் செத்தார்கள். அந்தப் படை செய்த ஒரு கடத்தலுக்காக, முன்னாள் உள்துறை அமைச்சர் ஹோசே பாரியோனுவேவோவுக்கு 1998-ல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் படை எட்டாவை ஒழிக்கவில்லை. அதற்கு இன்னும் ஆள் சேர்த்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

கேள்வி: 2001 தேர்தலில் யாருக்கு ஆபத்து?

அப்போது மத்தியில் ஆண்ட மக்கள் கட்சிக்காரர்களுக்கும் சோசலிஸ்டுகளுக்கும். எட்டா 1998-ல் அறிவித்த போர்நிறுத்தத்தை அடுத்த ஆண்டு இறுதியில் முறித்துக்கொண்டது. 2000 பிப்ரவரியில் பேரவையில் சோசலிஸ்டுகளின் தலைவராக இருந்த பெர்னாண்டோ புவேசாவும் அவருடைய மெய்க்காவலரும் விட்டோரியாவில் கார்குண்டுக்குப் பலியானார்கள். அதைக் கண்டித்து நடந்த ஊர்வலத்தில்கூட பாஸ்க் தேசியவாதிகள் ஒரு கூட்டமாகவும் மற்றவர்கள் தனிக் கூட்டமாகவும் போனார்கள். நவம்பரில் பார்சிலோனாவில் முன்னாள் அமைச்சர் எர்னெஸ்ட் யுக் கொல்லப்பட்டார். பேச்சுவார்த்தை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, மே 6 அன்று, சரகோசாவில் மக்கள் கட்சியின் அரகோன் மாநிலத் தலைவர் மானுவேல் ஹிமெனெஸ் அபாத், மகனோடு கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பாஸ்க் ஊர்களில் இந்த இரு கட்சிக் கவுன்சிலர்களும் கடைக்குப் போனாலும் மெய்க்காவலர் கூடவே போக வேண்டியிருந்தது. சின்ன ஊர்களில் இந்தக் கட்சிகளுக்கு வேட்பாளர் கிடைப்பதே கஷ்டம். ஒரு தரப்பு பயந்து பயந்து ஓட்டுக் கேட்கும் தேர்தலைச் சமமான போட்டி என்று என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: பாஸ்க் தேசியவாதிகள் எல்லோருமே எட்டா ஆதரவாளர்கள்தானே?

இந்த நினைப்புதான் பெரிய தப்பு. 1895-ல் தொடங்கிய பாஸ்க் தேசியவாதக் கட்சி தேர்தல் பாதையில் நடந்த மிதவாதக் கட்சி. ஆனால் 1998-ல் எட்டாவின் அரசியல் கிளையோடு, பாஸ்க் தேசியவாதிகள் கைகோத்த லிசர்ரா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்தக் கட்சியின் முதல்வர் இபர்ரெச்சேயின் அரசும் அந்தக் கிளையின் ஆதரவில் சில காலம் ஓடியது. கொலைகள் மறுபடி தொடங்கிய பிறகும் அந்த உறவை அறுத்துக்கொள்ள அவர்கள் தாமதித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்காக அவர்களையும் கொலைகாரர்களையும் ஒரே தராசில் வைத்துவிடக் கூடாது. மத்தியில் உள்துறை அமைச்சராக இருந்துவிட்டு மக்கள் கட்சியின் முதல்வர் வேட்பாளராக வந்த மயோர் ஒரேகாவின் பிரச்சாரம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது.

கேள்வி: மக்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்களா?

இல்லை. சுமார் 79 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்.

கேள்வி: சரி, யார் ஜெயித்தார்கள்?

மொத்தம் 75 இடங்கள். இபர்ரெச்சேயின் கூட்டணிக்கு 33, மக்கள் கட்சிக்கு 19, சோசலிஸ்டுகளுக்கு 13. எட்டாவுக்கு நெருக்கமான அணி 14-லிருந்து 7-க்கு விழுந்தது. அதன் வாக்குகள் சுமார் 2,24,000-லிருந்து 1,43,000 ஆகக் குறைந்தன. தனி நாடு கேட்டவர்களில் கணிசமானோர் துப்பாக்கியை விட்டு விலகி, அதே கனவைப் பேசும் மிதவாதிகளுக்கு வாக்களித்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். மயோர் ஒரேகா தரப்பு, தேசியவாதிகள் அனைவரையும் மிரட்டுவதுபோலப் பேசியதும் அந்த வாக்காளர்களை இபர்ரெச்சே பக்கம் தள்ளியது.

கேள்வி: அந்த அணியைப் பிறகு தடை செய்தது சரியா?

2003-ல் அந்த அணியின் படாசுனா கட்சியை ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2009-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதை ஏற்றது. கட்சித் தடை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் கொல்லப்படும்போது கண்டிக்க மறுக்கும் ஒரு கட்சி, அதே பேரவையில் சம உரிமை கேட்க முடியாது. தேர்தலில் நிற்க வேண்டுமானால் ஆயுதத்தை விட வேண்டும் என்ற அழுத்தம் அந்தத் தரப்புக்குள்ளேயே வேலை செய்தது.

கேள்வி: இப்போது நிலைமை என்ன?

2011 அக்டோபர் 20 அன்று எட்டா ஆயுதப் போராட்டத்தை நிறுத்தியது. 2018-ல் கலைந்தது. 2024 ஏப்ரல் தேர்தலில், அந்த மரபிலிருந்து வந்தவர்களும் உள்ள பில்டு கூட்டணி 27 இடங்கள் பிடித்துத் தேசியவாதக் கட்சிக்குச் சமமாக நின்றது. துப்பாக்கி இருந்த காலத்தில் அவர்கள் கனவிலும் காணாத எண்ணிக்கை அது. ஆனால் பிரச்சாரத்தின்போது அவர்களுடைய முதல்வர் வேட்பாளர் எட்டாவைப் பயங்கரவாத அமைப்பு என்று சொல்ல மறுத்தது பெரிய சர்ச்சையானது. 300-க்கும் மேற்பட்ட கொலைகளில் சுட்டவர் யார் என்று இன்னும் தீர்ப்பு இல்லை. அந்தக் குடும்பங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, விவரம் தெரிந்தும் பேசாமல் இருப்பவர்களுக்கு இன்றும் இருக்கிறது.