304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சூடாக்கினால் கிரெயின் ஏன் சிறிதாவதில்லை?

கார்பன் ஸ்டீலுக்கு நார்மலைசிங் (சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவது) செய்தால் கிரெயின், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணி, சிறிதாகிறது, 304-க்கு அதையே செய்தால் பெரிதாகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, பலர் தடுமாறும் இடம் இது.

கார்பன் ஸ்டீல் சூடாகும்போது அதன் அணு அடுக்கே மாறுகிறது. ஃபெரைட் என்ற அடுக்கு ஆஸ்டெனைட் என்ற வேறு அடுக்காகிறது, ஆறும்போது திரும்ப மாறுகிறது. ஒவ்வொரு முறையும் புது மணிகள் முளைக்கின்றன. 304-இல் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் இருப்பதால், அறை வெப்பத்திலேயே அது ஆஸ்டெனைட்தான். மாற்றம் இல்லாததால் புது முளையும் இல்லை. பெரிய மணிகள் சின்ன மணிகளை விழுங்கி வளர்வதுதான் நடக்கும்.

அப்போது என்ன வழி? முதலில் உலோகத்தைச் சூடாக்காமலே உருட்டியோ இழுத்தோ நன்றாகச் சிதைக்க வேண்டும். அதில் தேங்கும் ஆற்றல்தான் புது மணிகளை முளைக்க வைக்கிறது. பிறகு 1010 முதல் 1120 டிகிரி செல்சியஸில் அனீலிங், அதாவது அந்த வெப்பத்தில் சிறிது நேரம் வைத்து ஆறவைப்பது. சிறிய மணி வேண்டுமென்றால் கீழ் எல்லையை ஒட்டி, குறைந்த நேரமே வைத்திருங்கள். லேசாக மட்டும் சிதைத்துச் சூடாக்கிவிடாதீர்கள். முளைகள் குறைவாக இருப்பதால் மணிகள் முன்பைவிடப் பெரிதாகிவிடும்.

ஆறவைக்கும்போது 860-லிருந்து 425 டிகிரி வரையுள்ள பகுதியை வேகமாகக் கடக்க வேண்டும், தடித்த துண்டானால் தண்ணீரில் தோய்த்து. மெதுவாக ஆறினால் மணி எல்லைகளில் குரோமியம் கார்பைடு (குரோமியமும் கார்பனும் சேர்ந்த பொருள்) படிந்து, அங்கே அரிப்பு பிடிக்கும்.

கத்திக்குப் பயன்படும் 420 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு கதை. அதில் அணு அடுக்கு மாறும் என்பதால், வெப்பச் சிகிச்சையாலேயே மணியைச் சிறிதாக்கலாம்.