அந்தக் கன்றுக்குட்டி யாருடையது?

அன்புள்ள ஐயா,

இஸ்ரவேலரின் தொடக்கக் கதைகளில் அரசியல் இருக்கிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். ஞாயிறு பள்ளியில் இக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். மோசே சீனாய் மலைமேல் இருந்தபோது அவருடைய அண்ணன் ஆரோன் செய்த பொற்கன்றின் கதை விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கிறது, அவ்வளவுதானே? அதில் அரசியல் எங்கே? அரசியல் என்று சொல்லிவிட்டால் பொய் என்று ஆகிவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பைபிளில் யாத்திராகமம் 32:4, 1 இராஜாக்கள் 12:28. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்த தெய்வங்கள் இவை என்கிறது முதலாவது. இரண்டாவதில், வடக்கு தனி நாடாகப் பிரிந்தபோது அதன் முதல் அரசனான யெரொபெயாம் தன் நாட்டு ஊர்களான பெத்தேலிலும் தாணிலும் இரண்டு கன்றுகளை நிறுத்தியபோது சொன்னதும் ஏறக்குறைய அதே வாக்கியம்தான். ஆரோன் வார்த்தது ஒரே கன்று. அங்கே ஏன் ‘தெய்வங்கள்’ என்று பன்மை வருகிறது? சீனாய் மலையடியில் நடக்கும் கதைக்குள் பெத்தேலும் தாணும் எட்டிப் பார்க்கின்றன என்பதே என் வாசிப்பு.

யெரொபெயாம் யார் என்று பாருங்கள். எருசலேமில் ஆலயம் கட்டிய அரசன் சாலொமோன் இஸ்ரவேலரில் 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு மரம் வெட்ட அனுப்பினான். வடக்கே வாழ்ந்த யோசேப்பு வம்சத்தாரின் வேலைக்கு மேற்பார்வையாளனாக இருந்த யெரொபெயாம் அரசனுக்கு எதிராக எழுந்து, எகிப்துக்குத் தப்பி ஓடி, அரசன் செத்தபின் திரும்பி வந்தான். மோசேயும் அப்படித்தான் மீதியானுக்கு ஓடித் திரும்பினார். சுமையைக் குறைக்கக் கேட்ட மக்களிடம், என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்றான் சாலொமோனின் மகன் ரெகொபெயாம். வேலை வாங்கும் அதிகாரி அதோராமை ஜனங்கள் கல்லெறிந்து கொன்றார்கள். வடக்கு பிரிந்து யெரொபெயாமை அரசனாக்கியது; தெற்கில் யூதா ரெகொபெயாமிடம் நின்றது. இஸ்ரவேலரை அடிமையாக்கிப் பண்டகசாலைப் பட்டணங்களைக் கட்டவைத்த எகிப்து அரசன் பார்வோனின் கதை அந்த மக்கள் காதில் எப்படி ஒலித்திருக்கும்! அவர்களுக்கு அது அன்றாடக் கதை.

கன்று அவர்களுக்குக் கடவுளாகவே இருந்திருக்க வேண்டியதில்லை. பண்டைய சிரியச் சிற்பங்களில் புயல் தெய்வம் காளைமேல் நிற்கும். நாம் வாகனம் என்போமே, அதுபோல. எருசலேம் ஆலயத்தில் கர்த்தருக்குச் சிறகுள்ள உருவங்களான கேருபீன்கள் ஆசனம். அதே ஆலயத்தின் வெண்கலக் கடல்தொட்டியைப் 12 ரிஷபங்கள் தாங்கின. அவற்றுக்காக சாலொமோனை இராஜாக்கள் நூல் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அந்த நூல் பேசுவது யூதாவின் குரலில்.

ஆனால் எல்லாமே தெற்கின் பிரசாரம் என்றும் சொல்லிவிட முடியாது. வடக்கிலேயே நின்று பேசிய தீர்க்கதரிசி ஓசியா, வடக்கின் தலைநகரான சமாரியாவின் கன்றுக்குட்டி தட்டான் செய்தது, அது தேவன் அல்ல என்று கொதிக்கிறார். அந்தக் கோபம் உண்மையானது. கி.மு. 722 வாக்கில் அசீரியர்களிடம் சமாரியா வீழ்ந்தபின், அங்கிருந்து யூதாவுக்கு ஓடிவந்தவர்கள் தங்கள் கதைகளையும் கொண்டுவந்திருக்க வேண்டும். வடக்கின் விடுதலைக் கதையும் அதன்மீதான கண்டனமும் ஒரே நூலில் சேர்ந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அரசியல் என்றால் பொய் என்று நான் எண்ணவில்லை, எஸ். அடிபட்டவர்கள் நியாயம் கேட்டது அரசியல்தான். அவர்கள் கர்த்தரின் பெயரால் கேட்டார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். மோசே கன்றைச் சுட்டெரித்துப் பொடியாக அரைத்தார். கி.மு. 622 வாக்கில் யூதாவின் அரசன் யோசியா பெத்தேலுக்குப் போய், யெரொபெயாம் கட்டிய மேடையைச் சுட்டெரித்துத் தூளாக்கினான். சுட்டெரித்தல் என்பதற்கு எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் அதே வினைச்சொல்.