பேட் விலை 1,300, பில் 9,800: பழைய காரின் பிரேக் கணக்கு

கேள்வி: ஐயா, நான் கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறேன். 2010-ல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சென்ற ஆண்டுதான் ஆர்.சி.யை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். மகள் மைசூரில் இருப்பதால் மாதம் ஒருமுறையாவது திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறேன். சில வாரங்களாகப் பிரேக் மிதித்தால் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம். ஈரோட்டில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கொடுத்த எஸ்டிமேட்: பிரேக் பேட் 2,400, இரண்டு டிஸ்க் 4,200, கேலிப்பர் சர்வீஸ் 900, பிரேக் ஆயில் 650, பிரேக் கிளீனிங் 450, கூலி 1,200. ஆக மொத்தம் 9,800 ரூபாய். எங்கள் ஊர் மெக்கானிக் 1,300 ரூபாய்க்குப் பேட் வாங்கி, 500 ரூபாய் கூலியில் முடித்துத் தருகிறேன் என்கிறார். இப்போதைக்குப் பழைய பேட்டையே எமரித் தாளில் தேய்த்துப் போட்டாலும் ஓடும் என்றும் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி சரி. எமரித் தாள் யோசனையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். பேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருந்தால் அதைச் சொரசொரப்பாக்க எமரி உதவும். தேய்ந்துபோன கனத்தை அது திருப்பித் தராது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும் கார் இது.

இரண்டு தொகைக்கும் இடையே 8,000 ரூபாய் வித்தியாசம். அதில் பேட் விலையால் வருவது 1,100, கூலியால் வருவது 700. மீதி 6,200 ரூபாயும் டிஸ்க், கேலிப்பர், ஆயில், கிளீனிங் என்ற நான்கு வரிகளில் இருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்க வேண்டியது அந்த நான்கு வரிகளைப் பற்றித்தான்.

சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுதான் டிஸ்க். அதை இருபுறமும் அழுத்திப் பிடிப்பவை பேட்கள். பேட்களைத் தாங்கி அழுத்தும் கவ்விதான் கேலிப்பர். முதலில் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, அருகில் நின்று பாருங்கள். புதிய பேட்டில் இரும்புத் தகட்டின் மேல் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. கனம் இருக்கும். அது 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். பல பேட்களில் தகட்டோரம் சிறிய நாக்குபோல ஓர் இரும்புத் துண்டு வளைந்து நிற்கும். பேட் தேய்ந்து எல்லைக்கு வரும்போது அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். உங்கள் கார் எழுப்பும் சத்தம் பெரும்பாலும் அதுதான். இரவு மழையில் நின்ற கார் காலையில் இரண்டு மூன்று முறை பிரேக் மிதிக்கும்வரை சத்தம் போட்டு அடங்குவது வேறு. அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவால் வருவது. உங்களுடையது வாரக்கணக்கில் தொடர்கிறது. ஆகவே பேட்டை மாற்றுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு துண்டுகள் ஒரு செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்தது டிஸ்க். பில்லில் பெரிய தொகை இதுதான். டிஸ்க்கை மாற்றவேண்டுமா என்பது கருத்துச் சொல்லும் விஷயமில்லை, அளந்து பார்க்கும் விஷயம். எந்த அளவுக்குக் கீழே தேய்ந்தால் கழித்துவிட வேண்டும் என்ற எண்ணைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மைக்ரோமீட்டரையோ வெர்னியரையோ எடுத்து அளந்து, எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லும் இடத்தில் 4,200 ரூபாய் கொடுக்காதீர்கள். விரல் நகத்தை டிஸ்க்கின் விளிம்போரம் வைத்து இழுத்தால் தேய்மானத்தால் உண்டான மேடு நகத்தில் தட்டுப்படும். சிறிய மேடு இருப்பது இயல்பு. பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினாலோ, டிஸ்க்கில் ஆழமான கோடுகள் விழுந்திருந்தாலோ அப்போது அதைப் பற்றிப் பேசலாம். கனம் மிச்சமிருந்தால் லேத்தில் கொடுத்து இருபுறமும் சமமாகக் கடைந்து மறுபடி போடலாம். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமெல்லாம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கடைந்த பிறகும் பொறித்த அளவுக்கு மேலே நிற்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கேலிப்பர் சர்வீஸ் 900 ரூபாய் என்பதைச் சிலர் வெறும் பில் ஏற்றும் வேலை என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய காருக்குப் பேட் மாற்றியபோது, கழற்றிய நான்கையும் ஒரு செய்தித்தாளின் மேல் வரிசையாக வைக்கச் சொன்னேன். வலது சக்கரத்தின் வெளிப்பக்கப் பேட்டில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. உட்பக்கப் பேட் தகடு தெரிய வழித்தெடுத்ததுபோல் தேய்ந்திருந்தது. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் கேலிப்பர் முன்பின் நகர உதவும் வழுக்கு ஊசியை உருவிக் காட்டினார். கிரீஸ் காய்ந்து, கருப்பட்டிப் பாகுபோல் இறுகி, ஊசியின் நடுவில் துரு ஏறியிருந்தது. கேலிப்பர் நகர முடியாததால் ஒரே பேட் எல்லா வேலையையும் செய்திருக்கிறது. ஊசியைத் துடைத்து, அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் பூசி, ரப்பர் உறையை மாற்றினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதைச் செய்யாமல் புதிய பேட் மட்டும் போட்டிருந்தால் அதுவும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும். எனவே உங்கள் மெக்கானிக்கின் 1,800 ரூபாய்க் கணக்கில் இந்த வேலை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு தொகை கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அதேபோல, கேலிப்பர் சர்வீஸ், கிளீனிங், கூலி மூன்றும் ஒரே பில்லில் தனித்தனி வரிகளாக நின்றால் சர்வீஸ் நிலையத்தாரிடம் விளக்கம் கேளுங்கள். பேட் மாற்றும்போது அந்த இடத்தைச் சுத்தம் செய்வது கூலிக்குள் அடங்கிய வேலை என்பது என் உறுதியான எண்ணம். சுத்தம் செய்யும்போது கம்ப்ரசர் காற்றால் தூசியைப் பறக்கவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். விலை மலிந்த பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசி மெக்கானிக்கின் நுரையீரலுக்கும் கேடு, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் கேடு.

பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் 650 ரூபாயை மறுக்காதீர்கள். மலைப்பாதையில் போகிறவருக்கு இது மிக முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறி, குமிழி உண்டாகி, பெடல் மெத்தைபோல் உள்ளே போய்விடும். உங்கள் காருக்கு எந்த வகை என்பது ஆயில் கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும். இன்னொன்று: ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது என்று யாராவது ஊற்றி நிரப்பப் போனால் நிறுத்துங்கள். பேட் தேயத் தேய மட்டம் தானாகவே இறங்கும். முதலில் பேட்டைப் பார்க்கவேண்டும், பேட் நன்றாக இருந்தால் ஒழுகல் எங்கே என்று தேடவேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். நல்ல நிறுவனப் பேட், ஊசி சுத்தம், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து உங்கள் காருக்கு 3,000 முதல் 4,000 ரூபாய்க்குள் முடியவேண்டும். டிஸ்க் அளவு குறைந்திருப்பது உறுதியானால் மட்டும் அதன் விலை தனி. பின்சக்கரங்களில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் இருக்கும். அவற்றின் உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூ மெதுவாகத்தான் தேயும். ஹேண்ட் பிரேக் வழக்கத்தைவிட உயரமாக ஏறுகிறது என்றால் அதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதிய பேட் போட்டதும் முதல் 200, 300 கி.மீ. வரை திடீர் பிரேக் வேண்டாம். அந்த மாதம் மைசூர்ப் பயணம் இருந்தால் பேட்டை இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். திம்பத்தில் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. என் பழைய காருக்குக் கடையில் 1,600 ரூபாய் சொல்லும் பேட் இணையத்தில் 650-க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. காரில் மலிவாக வாங்கக்கூடிய பொருள்கள் நிறைய இருக்கின்றன: மிதியடி, வைப்பர், சீட் உறை. பிரேக் பேட் அந்தப் பட்டியலில் இல்லை. கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டியேதான் வேண்டும் என்றும் இல்லை. ரானே, பிரேக்ஸ் இந்தியா போன்ற, தமிழ்நாட்டிலேயே பிரேக் பாகங்கள் செய்யும் நிறுவனங்களின் பேட்கள் வெளிக்கடையில் கிடைக்கின்றன. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பேட்டின் பின்தகட்டிலும் பாக எண் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சான விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக்கூடாது. உதிரிபாகங்களில் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் எந்த வீதம் போட்டிருக்கிறார்கள் என்று சரிபாருங்கள். பில் வேண்டாமென்றால் 100 ரூபாய் குறைக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பேட் உடைந்தாலும் பெயர்ந்தாலும் கேட்பதற்கு உங்கள் கையிலிருக்கும் ஒரே சான்று அந்தப் பில்தான்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் 3,600 ரூபாய் கொடுத்துப் பேட் மாற்றினேன். ஒரு வாரத்திலேயே கடகடவென்று சத்தம். இரண்டு முறை போய்க் கேட்டும், தேயும் பொருளுக்கு வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் வால்பாறையில் உறவினர் திருமணம். என்ன செய்வது?

பதில்: அம்மா, தேயும் பொருளுக்கு வாரண்டி இல்லை என்பது தேய்மானத்துக்குப் பொருந்தும். மாட்டியதில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. அதற்கு அவர்கள் பொறுப்பு. மாட்டிய வாரமே கடகடப்பது பெரும்பாலும் பேட்டைப் பிடித்திருக்கும் கிளிப்பையோ பின்னாலிருக்கும் மெல்லிய தகட்டையோ விட்டுவிட்டதால் வரும். சில நிமிட வேலை. முதலில் வேறொரு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிக் காட்டி, கிளிப் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பில்லின் நகலோடு பழைய பட்டறைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் போதும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்; தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். உங்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

திருமணத்துக்கு முன் அந்தச் சத்தத்தின் காரணம் தெரியாவிட்டால் காரை வீட்டில் விட்டுவிடுங்கள். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அரசுப் பேருந்துகள் போகின்றன, அவற்றில் ஒன்றில் போய் வாருங்கள்.