ஒப்புக்குச் சப்பாணியாகப் போகட்டும், விடுங்கள்

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையிலேயே இருந்த அவளுடைய உயிர்த் தோழியின் அப்பாவுக்கு மே மாதம் பாலக்காட்டுக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அன்றிலிருந்து இவள் யாரோடும் சேருவதில்லை. பிறந்தநாளுக்கு வகுப்பையே வீட்டுக்கு அழைத்தேன். கேக் வெட்டியதும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஏற்கெனவே அபாகஸும் இந்தியும் போகிறாள். மனசு மாறட்டும் என்று பரதநாட்டியத்திலும் சேர்த்தேன். வீடியோ காலில் பேசினால் அழுகிறாள் என்பதால் அதை நிறுத்திவிட்டேன். 'உண்மையான நட்பு பிசிராந்தையார் மாதிரி, பார்க்காமலே இருக்கும், விடு' என்கிறார் கணவர். அவளை எப்படி மறக்கவைப்பது? புதிதாக ஒரு நல்ல தோழியை எப்படிப் பிடித்துக் கொடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த வீடியோ காலைத் திருப்பிக் கொடுங்கள். தோழி ஊரைவிட்டுப் போனது ரயில்வே செய்த வேலை. அவள் குரலும் இல்லாமல் போனது நீங்கள் செய்த வேலை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பேசி முடித்ததும் அழுகிறாளா, அழட்டும். பக்கத்தில் போய் உட்காருங்கள். 'இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா' என்று மட்டும் சொல்லாதீர்கள். தினமும் பேச வேண்டியதில்லை, ஞாயிறு காலை என்று ஒரு நேரம் வைத்தால் போதும். இந்த வயதில் போனில் பேசத் தெரியாது. 'சாப்ட்டியா', 'ம்', 'நீ?' என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் ஆளுக்கொரு படம் வரைந்து காட்டட்டும், விடுகதை போடட்டும்.

அப்புறம், ஏன் மறக்க வேண்டும்? பழையவள் போனால்தான் புதியவளுக்கு இடம் என்பது வீடு காலி செய்கிறவர்களின் கணக்கு. உங்கள் மகளுக்கே உள்ளுக்குள் அந்தக் கணக்கு இருக்கலாம்: இன்னொருத்தியோடு சிரித்தால் பாலக்காட்டுக்காரிக்குத் துரோகம் என்று. அவளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், இரண்டு பேரும் இருக்கலாம் என்று. என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதிய பெண்ணின் பெயர் வரும்; இவள் 'டூ' விடுவாள். நீங்கள் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். 'பழம்' விடவும் அவர்களுக்கே தெரியும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. கோப்பெருஞ்சோழன் உங்கள் ஊர்க்காரர்தான், உறையூர். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரைப் பார்க்காமலே நேசித்தார், உண்மை. ஆனால் இருவருமே விவரம் தெரிந்த பெரியவர்கள். ஒருவர் அரசர், ஒருவர் புலவர். அவர்களாலும் கடைசிவரை பார்க்காமல் இருக்க முடியவில்லை. வடக்கிருந்த, அதாவது உண்ணாமல் உயிர்விடத் துணிந்த சோழன் நண்பருக்கு இடம் ஒதுக்கச் சொன்னார், அவரும் வந்து சேர்ந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த உதாரணம் சரிப்படாது.

சாதாரண மனிதர்களின் நட்பு பெரும்பாலும் வாசற்படி சமாசாரம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடும்பங்கள் குடியிருந்த வெஸ்ட்கேட்டில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் நடத்திய ஆய்வு 1950-இல் வெளியானது. அடுத்தடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்கள். அதே மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 10 சதவீதம்தான். படித்த, கல்யாணமான, பெரிய மனிதர்களின் கதை இது. உங்கள் மகளும் அவள் தோழியும் மட்டும் என்ன, குணநலன்களை ஒப்பிட்டுப் பார்த்தா சேர்ந்தார்கள்? ஒரே வரிசை, ஒரே வேலையற்ற சாயங்காலம். அவ்வளவுதான்.

அந்த வேலையற்ற சாயங்காலம் இப்போது எங்கே? அபாகஸ், இந்தி, பரதநாட்டியம். மூன்றிலும் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்து உட்காருகிறார்கள் அல்லது நிற்கிறார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு ஸ்கூட்டியில் ஏறிப் போகிறார்கள். அதில் எங்கே சிநேகம் முளைக்கும்? பிறந்தநாள் விழாவும் அப்படித்தான். முப்பது பேர் நடுவில் எல்லோரும் இவளையே பார்க்க, 'போய்ப் பேசுடி' என்று நீங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளியிருப்பீர்கள். தள்ளவில்லை என்றால் மன்னிக்கவும், ஆனால் தள்ளியிருப்பீர்கள். வகுப்புகளில் ஏதேனும் இரண்டை நிறுத்துங்கள். எதை என்று அவளையே கேளுங்கள். ஐந்து மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை தெரு அவளுக்கு. ரயில்வே காலனியில் இருந்துகொண்டு விளையாட இடமில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பாதி திருச்சி உங்கள் மேல் கோபித்துக்கொள்ளும்.

தெருவில் போய் என்ன செய்வது? 'நானும் வரலாமா' என்று கேட்கச் சொல்வதுதான் நம் வழக்கம். மார்த்தா புட்டலாஸ், ஜான் காட்மன் என்ற உளவியலாளர்கள் இருவரும் உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகளைக் கவனித்து 1981-இல் எழுதினார்கள்: ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் நுழையும்போது கேள்வி கேட்கிற, தன்னைப் பற்றியே சொல்கிற, 'இப்படி இல்ல, அப்படி' என்று திருத்துகிற பிள்ளையை மற்றவர்கள் அநேகமாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஓரமாக நின்று ஆட்டம் என்னவென்று பார்த்து, அதன் போக்கிலேயே கலந்துகொள்கிற பிள்ளை உள்ளே போய்விடுகிறது. நம் தெருவில் இதற்கு வெகுகாலமாகவே ஓர் ஏற்பாடு உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. கல்லா மண்ணாவில் அவுட் கிடையாது, கணக்கிலும் சேர்த்தி இல்லை, ஆனால் கூடவே ஓடலாம். முதல் வாரம் பந்து பொறுக்கிப் போடட்டும், ஐஸ் பாயில் யாரோடாவது சேர்ந்து ஒளியட்டும். மகளுக்கு மரியாதைக் குறைவு என்று நீங்கள் வாசலுக்கு வந்து, 'பாப்பாவையும் சேத்துக்கோங்கப்பா' என்று சிபாரிசு செய்தால் எல்லாம் கெட்டது. நீங்கள் உள்ளேயே இருங்கள்.

வகுப்பு ஆசிரியையிடம் ஒரே ஓர் உதவி கேட்கலாம்: அமைதியான ஒரு பெண்ணோடு சேர்த்து ஏதாவது ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். நோட்டுகளை வாங்கி அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவானாலும் சரி. 'இவளுக்குத் தோழி இல்லை' என்று வகுப்பில் அறிவிக்கச் சொல்லாதீர்கள்.

தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, காலையில் பள்ளிக்கூடம் என்றதும் தினமும் வயிற்றுவலி என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. துக்கப்படுகிறாள்; துக்கப்படும்படியான விஷயம்தான் நடந்திருக்கிறது.

கடைசியாக, திருச்சியிலிருந்து பாலக்காடு டவுனுக்கு நேராகவே ஒரு எக்ஸ்பிரஸ் போகிறது. ரயில்வே வீட்டில் இருக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டுமா? அவர்களுக்கு ஓணம் விடுமுறை உண்டு, உங்களுக்குக் காலாண்டு விடுமுறை. முன்னதில் அவர்கள் வரட்டும், இல்லாவிட்டால் பின்னதில் நீங்கள் போங்கள். பாஸ் எழுதி வாங்கும் பொறுப்பைப் பிசிராந்தையாரை மேற்கோள் காட்டியவரிடமே ஒப்படையுங்கள்.