பேஸ்புக்கில் 'அரசியல் கருத்து' அழிக்க இடமே காணோம் என்று கேட்டவருக்கு

அந்தப் பகுதியே இப்போது இல்லை, அதனால்தான் உங்களுக்கு அகப்படவில்லை. அரசியல், மதம் பற்றிய கட்டங்களை 2022 டிசம்பர் 1 முதல் எல்லோருடைய ப்ரொஃபைலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

அப்படியிருந்தும் தேயிலைத் தோட்டத்தில் உங்களை இன்னும் "சேவல் கட்சி" (சேவல் சின்னமுள்ள, தொழிற்சங்கமும் கட்சியுமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) என்கிறார்கள் என்றால், பழைய ப்ரொஃபைல் படம்தான் காரணமாக இருக்கும். தேர்தல் நேரத்தில் சின்னத்தோடு வைத்த படம், புதுசு மாற்றினாலும் ஆல்பத்தில் அப்படியே கிடக்கும். ஹட்டனில் என் தம்பிக்கும் இதுதான் நடந்தது. புதுப் படத்தைத் தொட்டு ஒருமுறை விரலைத் தள்ளினால், அடுத்து வந்து நின்றது சேவல்!

சரி, இதைச் செய்து பாருங்கள். ப்ரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டு 'வியூ அஸ்' போங்கள். வெளியாள் கண்ணுக்கு என்ன தெரிகிறதென்று காட்டும். பழைய படத்தை அழியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் பார்க்கும்படி 'ஒன்லி மீ' ஆக்குங்கள். அப்புறம், லைக் போட்ட பக்கங்களின் பட்டியலையும் மறைத்துவிடுங்கள்.

ஆனால் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால், எந்தச் சங்கம் என்று தோட்ட ஆபிசுக்கு எப்படியும் தெரியும்.