சிமுலேஷன் பயிற்றுநராகப் போகும் மருத்துவருக்கு: முதலில் கேட்கப் பழகுங்கள்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். பயிற்சி மருத்துவர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் சிமுலேஷன் முறையில், அதாவது நிஜம்போலவே நடித்துப் பார்க்கும் முறையில், அவசர சிகிச்சைப் பயிற்சி நடத்தும் பொறுப்பை எனக்கும், மயக்கவியல் மருத்துவருக்கும், குழந்தைகள் நல மருத்துவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சிக்கான மனித உருவப் பொம்மை ஒன்று இருக்கிறது. இரண்டு முறை நடத்தினோம். தவறு நடந்த இடத்திலெல்லாம் நிறுத்தித் திருத்தினோம். முதல்முறை பொம்மை நோயாளி 'இறந்துவிட்டார்'. முடிந்ததும் 5 நிமிடம் தவறுகளை எடுத்துச் சொன்னோம். இரண்டாம் முறை பாதிப்பேர் வரவில்லை, வந்த நர்ஸ்களும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் மூவரும் இப்படிக் கற்பிக்க முறையாகப் பயின்றவர்கள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் நடத்தியது அவர்களுக்குப் பரீட்சையாகத் தெரிந்திருக்கிறது, அதுவும் கூட வேலை செய்கிறவர்கள் கண்முன் எழுதிய பரீட்சை. நோயாளி இறந்ததும் அந்தத் தோல்வி அவர்கள் மேல் விழுந்தது. பிறகு 5 நிமிடத்தில் குறைகளை அடுக்கிவிட்டீர்கள். அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் மூவரும் முதலில் கற்க வேண்டியது அந்தக் கேள்வியைக் கேட்கும் விதம்தான். பொம்மையை இயக்குவதை ஒரு மதியத்தில் பழகிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். உங்கள் ஊருக்குப் பாம்புக்கடியைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. தொப்பூர் கணவாய் விபத்துபோல ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் வரும் காட்சியில் ஆசை வரும், இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். முதல் ஆறு மாதம் ஒரு நோயாளி, ஒரு குழு என்ற அளவே போதும்.

காட்சி இதுதான்: பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்துக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன 42 வயதுக்காரர். கணுக்காலில் கடி, வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு. நோக்கம் இரண்டே இரண்டு. ஒன்று, விஷமுறிவு மருந்து போகும்போது வரும் கடும் ஒவ்வாமையைக் கண்டுகொண்டு உடனே அட்ரினலின் போடுவது. இரண்டு, குழுத்தலைவர் பெயர் சொல்லி வேலை பிரிப்பது. கடிவாய்க்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டி வருவது, உடன் வந்தவர் சண்டை போடுவது, ஆக்சிஜன் தீர்ந்துபோவது என்று புதுப் பயிற்றுநர்கள் சேர்த்துக்கொண்டே போவார்கள். சேர்க்காதீர்கள். மூன்றாவது நோக்கம் நுழைந்தால், பின்னால் நடக்கும் உரையாடலில் எதையும் ஆழமாகப் பேச நேரம் இருக்காது.

இந்தக் காட்சிக்குப் பொம்மை வேண்டாம். அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று நோயாளி வாயால் சொல்ல வேண்டும். அதனால் நடிக்கத் தெரிந்த ஒரு பயிற்சி மருத்துவரைப் படுக்க வையுங்கள். கையில் ஊசியில்லாத கேனுலாவை (மருந்து ஏற்றும் சிறு குழாய்) ஒட்டி, சலைன் குழாயைப் போர்வைக்கு அடியில் ஒரு காலி பாட்டிலுக்குள் விடுங்கள். அவர் உடம்பில் எந்த ஊசியும் படக்கூடாது. அட்ரினலினை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, தொடையோரம் வைத்த பஞ்சில் விடச் சொல்லுங்கள். கடிவாய்க்குப் பேனாவில் இரண்டு புள்ளி, தடிப்புகளுக்கு லிப்ஸ்டிக் போதும். குங்குமம் சிலருக்கு நிஜமாகவே அரிக்க வைக்கும், தவிர்த்துவிடுங்கள். மானிட்டருக்குப் பதிலாக, அளவுகள் எழுதிய நான்கு அட்டைகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

முதல் அட்டை, வந்தவுடன்: நாடி 104, ரத்த அழுத்தம் 124/80, மூச்சு 20, ஆக்சிஜன் 98. இரண்டாவது, ஒவ்வாமை தொடங்கியதும்: நாடி 132, அழுத்தம் 84/50, மூச்சு 30, ஆக்சிஜன் 90. மூன்றாவது, அட்ரினலின் 0.5 மி.கி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போனால்: நாடி 116, அழுத்தம் 102/64, ஆக்சிஜன் 96. நான்காவது, ஒவ்வாமைக்குப் போடும் ஏவிலும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனும் மட்டும் போய் அட்ரினலின் போகாவிட்டால்: அழுத்தம் 70/40, நோயாளி மயங்குகிறார்.

நான்காவது அட்டை காட்டி இரண்டு நிமிடம் ஆன பிறகும் அட்ரினலின் வரவில்லையென்றால், மூத்த மருத்துவர் போனில் அழைத்து, "என்ன நிலைமை?" என்று கேட்பதாக வையுங்கள். நிலைமையை எடுத்துச் சொல்லும்போது பெரும்பாலும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தக் கட்டத்தில் நோயாளியைச் சாகவிடாதீர்கள். செத்துவிட்டால் அடுத்த அரை மணி நேரமும் எல்லோர் மனமும் அந்தச் சாவிலேயே நின்றுவிடும்.

நேரக் கணக்கு: காட்சி 12 நிமிடம், அதன்பின் உரையாடல் 25 நிமிடம். முதல் மூன்று நிமிடத்தில் பரிசோதனையும், 20 நிமிட ரத்த உறைதல் சோதனைக்கு ரத்தம் எடுப்பதும் நடக்க வேண்டும். சோதனைக்கு உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் சரியாக உறையாது, சோப்புப் படிந்த குழாயும் அப்படித்தான். விஷம் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டிவிடும். குழாயை ஆடாமல் வைத்து நேரம் குறித்த பிறகுதான் "20 நிமிடம் ஆயிற்று" என்று அறிவித்து, சிவப்புத் தண்ணீர் ஊற்றிய குழாயை நீட்டுங்கள் (ரத்தம் உறையவில்லை, விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள்). அவர்கள் நேரம் குறிக்கும் முன்பே நீங்கள் அறிவித்துவிட்டால், நேரம் குறிக்கத் தேவையில்லை என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

பிறகு ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) 10 குப்பி. காலிக் குப்பிகளில் கொஞ்சம் பால்பவுடர் போட்டு, இரண்டையாவது நிஜமாகவே கரைக்க வையுங்கள். குலுக்கினால் நுரைக்கும், மெல்ல உருட்ட வேண்டும். கரைக்கிற நர்ஸின் இரண்டு கையும் அந்த நேரம் முழுக்க அதிலேயே இருக்கும். தலைவர் அதைக் கணக்கில் எடுத்து வேறொருவரை நாடி பார்க்க விடுகிறாரா, இல்லை கரைத்துக்கொண்டிருப்பவரையே மறுபடி மறுபடி கூப்பிடுகிறாரா? தலைமைப் பண்பைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மருந்து ஏறத் தொடங்கியதும் "10 நிமிடம் ஆயிற்று" என்று சொல்லி இரண்டாவது அட்டையைக் காட்டுங்கள். ஏ.எஸ்.வி.யை நிறுத்தி, அட்ரினலின் போட்டு, ஆக்சிஜனும் சலைனும் கொடுத்து, சரியான பிறகு அதே ஏ.எஸ்.வி.யை மெதுவாகத் திரும்பத் தொடங்க வேண்டும். பயத்தில் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவார்கள், விஷம் உள்ளேயே நின்றுவிடும். காட்சி ஓடும்போது நீங்கள் பேசக்கூடிய சொற்கள் நோயாளியின் அளவுகளும் நேர அறிவிப்பும்தான். திருத்தம் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம்.

தொடங்கும் முன் 8 நிமிடம் ஒதுக்குங்கள். இது அவசரத்தில் விட்டுப்போகிற பகுதி, உங்களுக்கும் விட்டுப்போயிருக்கும் என்றே தோன்றுகிறது. எதைத் தொடலாம், எது பாவனை, மருந்து எங்கே என்று சுற்றிக் காட்டுங்கள். மதிப்பெண் இல்லை, கண்காணிப்பாளருக்கு அறிக்கை போகாது என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பாஸ்டன் நகரத்து மருத்துவ சிமுலேஷன் மையம் ஒவ்வொரு வகுப்பையும் ஓர் அடிப்படை நம்பிக்கையோடு தொடங்குகிறது. நம் ஊர்ப் பேச்சில் அதை இப்படிச் சொல்லலாம்: "இங்க இருக்கிற எல்லாரும் விஷயம் தெரிஞ்சவங்க, நல்லா செய்யணும்னு நினைக்கிறவங்க, இன்னும் கத்துக்கணும்னு வந்தவங்க." உங்கள் மனமும் இதை நம்ப வேண்டும். நம்பாமல் சொன்னால் அடுத்த அரை மணியில் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உரையாடல். டிப்ரீஃபிங் என்று சொல்வது இதைத்தான். வேறு அறைக்குப் போய் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மருத்துவர்கள் ஒருபக்கம், நர்ஸ்கள் ஒருபக்கம் என்று உட்கார விடாதீர்கள். முதல் கேள்வி, "இப்ப மனசு எப்படி இருக்கு?" அதற்கு மூன்று நிமிடம் கொடுங்கள். படபடப்பு இறங்காமல் யார் மண்டையிலும் எதுவும் ஏறாது. அடுத்து, ஒருவரை நடந்ததை நான்கு வரியில் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே நோயாளியைத்தான் பார்த்தார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பிறகு முக்கியமான இடம். அட்ரினலின் தாமதமானது என்று வைத்துக்கொள்வோம். "ஏன் அட்ரினலின் போடல?" என்று கேட்டால் தலை குனிவார்கள். "அட்ரினலின் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்பதும் அதே அடிதான், கொஞ்சம் துணி சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் கண்டதையும் அதைப் பற்றி நினைத்ததையும் திறந்து வைத்துவிட்டு, பிறகு கேளுங்கள்: "அரிப்பு வந்து நாலு நிமிஷம் கழிச்சுதான் அட்ரினலின் கேட்டீங்க. அதுக்குள்ள பிபி 84க்கு வந்துடுச்சேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். மூன்றிலேயே உங்களுக்குப் பேசத் தோன்றும். பேசாதீர்கள்.

அந்த ஒரே தாமதத்துக்கு வரும் பதில்களைப் பாருங்கள். "நாற்பதைத் தாண்டினவர், இதயத்துக்கு என்ன ஆகுமோன்னு பயந்தேன்" என்று ஒருவர் சொல்வார். அவருக்குத் தேவை பாடம்: தசையில் போடும் 0.5 மி.கி. பற்றியும், ஐந்து நிமிடத்தில் திரும்பப் போடலாம் என்பது பற்றியும். "ஏவில் போட்டாச்சே, பார்ப்போம்னு இருந்தேன்" என்பவருக்கு, வெறும் தடிப்பும் மூச்சுத் திணறலோடு அழுத்தம் இறங்குவதும் எப்படி வேறு என்று விளக்க வேண்டும். "அட்ரினலின் அலமாரிக்குள்ள, சாவி அடுத்த வார்டுல" என்று பதில் வந்தால் மருத்துவர் மேல் பிழையே இல்லை. அன்று மாலையே ஏ.எஸ்.வி. வைக்கிற தட்டில் ஓர் அட்ரினலின் ஆம்பியூலும் 1 மி.லி. சிரிஞ்சும் சேர்த்து வையுங்கள். நான்காவது பதில் ஒரு நர்ஸிடமிருந்து வரும்: "எனக்குத் தெரிஞ்சுது சார், நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." இந்த நான்கில் நோயாளியைக் கொல்லக்கூடியது இதுதான். குறைகளை மட்டும் அடுக்கியிருந்தால் நான்கு பேருக்கும் "அட்ரினலின் சீக்கிரம் போடுங்கள்" என்ற ஒரே வாக்கியம் போயிருக்கும், மூன்று பேருக்கு அது உதவியிருக்காது.

அந்த நர்ஸுக்கு "தைரியமாகப் பேசுங்கள்" என்று அறிவுரை சொன்னால் போதாது, வாக்கியமே கொடுக்க வேண்டும்: "சார், எனக்குக் கவலையா இருக்கு. பிபி 84. அட்ரினலின் எடுத்து வச்சிருக்கேன், போடலாமா?" மரியாதை குறையவில்லை, விஷயமும் போய்ச் சேருகிறது. வட்டத்திலேயே எல்லோரையும் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். தலைவராக நின்ற மருத்துவருக்கு மறுபாதி: கட்டிலின் கால்மாட்டில் நிற்பது, கைவேலையில் இறங்காமல் இருப்பது, "யாராச்சும் அட்ரினலின் எடுங்க" என்பதை விட்டு "மாலதி சிஸ்டர், அட்ரினலின் அரை மி.லி. தொடையில போடுங்க, போட்டதும் சொல்லுங்க" என்பது. நடுவில் பத்து விநாடி நிறுத்தி, "இதுவரை இது நடந்திருக்கு, நான் எதையாச்சும் விட்டேனா?" என்று கேட்கவும் பழக்குங்கள். மேலிருப்பவர் கேட்கும் இந்த ஒரு கேள்வி கீழிருப்பவரின் வாயைத் திறக்கும். கடைசியில் ஒவ்வொருவரும் நாளை டியூட்டியில் செய்யப்போகும் ஒரு விஷயத்தைச் சொல்லட்டும், நர்ஸ்கள் முதலில், மூத்தவர் கடைசியில்.

பொம்மை எதற்கென்றால், கைத்திறனுக்கு. நெஞ்சழுத்தம் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. இங்கே நேர்மாறான முறை: தவறினால் உடனே நிறுத்தி, ஒரு வரியில் திருத்தி, சில விநாடி பின்னால் போய் மறுபடி செய்ய வையுங்கள். கைப்பழக்கத்துக்கு இது சரி. முடிவெடுக்கும் காட்சியில் இதே முறையைக் கையாண்டதுதான் உங்களுக்குப் பாதகமாயிற்று.

நீங்கள் மூவரும் பயிற்றுநராவதற்கு: ஒருவர் காட்சியை நடத்தட்டும், ஒருவர் உரையாடலை நடத்தட்டும், மூன்றாமவர் பயிற்றுநரை மட்டும் பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் இடம் மாறுங்கள். மூன்றாமவர் தாளில் குறிக்க வேண்டியவை: பயிற்றுநர் பேசிய நிமிடங்கள், ஆம்-இல்லை என்று முடியாத கேள்விகளின் எண்ணிக்கை, வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர். 25 நிமிடத்தில் பாதிக்குமேல் நீங்களே பேசியிருந்தால் அது வகுப்பாகிவிட்டது. வந்தவர்கள் சம்மதித்தால் போனில் ஒலிப்பதிவு செய்து, மூவரும் கேட்டபின் அழித்துவிடுங்கள். பாஸ்டன் மையத்தின் 'டேஷ்' என்ற ஆறு கூறு மதிப்பீட்டுப் படிவம் உரையாடல் நடத்துவதை மதிப்பிடவென்றே உருவானது, இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு அதற்கு மாறலாம். ஒரே பாம்புக்கடிக் காட்சியை வெவ்வேறு குழுவுக்கு ஆறு முறை நடத்துங்கள். காட்சி பழகிவிட்டால்தான் மனம் எதிரில் இருப்பவர் சொல்வதில் நிற்கும்.

ஓர் எச்சரிக்கையை விட்டுவிடக்கூடாது. பயிற்சிக்குப் பயன்பட்ட ஆம்பியூல், குப்பி, சலைன் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதி, எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை யாரும் கலையக்கூடாது. பால்பவுடர் குப்பி ஒன்று வார்டு டிராயரில் தங்கிவிட்டால் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிஜ வார்டில் நடத்தினால் வெளியே நிற்கும் உறவினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அன்று கூட்டம் அதிகமென்றால் தள்ளிப்போடுங்கள்.

வராத பாதிப்பேரை உத்தரவு போட்டு அழைக்காதீர்கள். இரவு டியூட்டி முடிந்து வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டாம், ஷிஃப்ட் மாறும் மதியம் 45 நிமிடம் போதும். அடுத்த முறை முதல் காட்சியில் குழுத்தலைவராக நீங்களே நில்லுங்கள், உரையாடலை மயக்கவியல் மருத்துவர் நடத்தட்டும். பத்துப் பேர் முன்னால் உங்கள் தாமதத்தைப் பற்றி அவர் கேட்கும்போது நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அந்த நர்ஸ்கள் இனி பேசலாமா என்று முடிவு செய்வார்கள்.